ஹார்மோன் பேட்ச் ஒட்டலாமா, பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடலாமா?

சிங்கப்பூரின் செங்காங்கிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் யாரென்று தெரிந்துவிடக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 48. பாலர் பள்ளி ஆசிரியை. ஒன்றரை ஆண்டாக மாதவிடாய் தாறுமாறாகிவிட்டது. இரண்டு மூன்று மாதம் வராது, வந்தால் பத்துப் பன்னிரண்டு நாள் கட்டி கட்டியாகப் போகிறது. ராத்திரி ஏர்கானை 20-இல் வைத்தும் நைட்டி நனைந்து எழுந்திருக்கிறார், பக்கத்தில் கணவர் போர்வைக்குள் நடுங்குகிறார். வகுப்பில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே நெஞ்சிலிருந்து சூடு கிளம்பி முகமெல்லாம் வியர்த்துவிடுகிறது. விரல் மூட்டும் முட்டியும் வலிக்கின்றன, தூக்கம் போயிற்று. ஓ லெவல் எழுதப்போகும் மகளிடம் ஒன்றுமில்லாததற்கெல்லாம் எரிந்து விழுந்துவிட்டு அப்புறம் குளியலறையில் போய் அழுகிறார். இரண்டு ஆண்டாக ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை, இரண்டு மாதத்துக்கு முன்பு அதன் அளவைக் கூட்டினார்கள்.

பாலிகிளினிக் டாக்டர், குறையும் ஹார்மோனை மருந்தாகக் கொடுக்கும் ஹார்மோன் மாற்று சிகிச்சை என்று ஒன்று இருக்கிறது, யோசித்துச் சொல்லுங்கள் என்றாராம். யோசிக்க விட்டால்தானே? திருச்சியில் இருக்கும் அக்கா, “அதைப் போட்டால் புற்றுநோய் நிச்சயம், நம் அத்தையை மறந்துவிட்டாயா” என்கிறார் (அப்பாவின் தங்கைக்கு 62 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தது). மாமியார், “எங்களுக்கெல்லாம் நிற்கவில்லையா, இரண்டு ஆண்டு பொறுத்தால் தானாகப் போய்விடும், நின்றால் நிம்மதி” என்கிறார். கணவர், இயற்கையை அதன் போக்கில் விடு என்கிறார். உடன் வேலை செய்பவர் 480 வெள்ளிக்கு ஹார்மோன் டெஸ்ட் பேக்கேஜ் எடுக்கச் சொல்கிறார். இன்னொரு தோழி ஜோகூர் பாருவிலிருந்து மூட்டு வலிக்கு ஒரு மூலிகை மாத்திரை வாங்கிவந்து தருகிறார், வாசகி அதை ஐந்து மாதமாகச் சாப்பிடுகிறாராம், “அது மட்டும்தான் எனக்குக் கேட்டது, மூன்றே நாளில் வலி பறந்துவிட்டது” என்று எழுதியிருக்கிறார்.

கேள்விகள்: ஹார்மோன் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் சிகிச்சை தொடங்க வேண்டுமா? புற்றுநோய் வருமா? உடம்பு ஊதிவிடுமா, ஒருமுறை தொடங்கினால் நிறுத்தவே முடியாதா? கணவர் கையெழுத்து கேட்பார்களா? கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில், தாம்பத்யத்தில் வலிக்கிறது, அவர் தப்பாக நினைத்துக்கொள்கிறார் என்று ஒரு வரி.

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். நீங்கள் மூன்றரைப் பக்கம் புற்றுநோய்ப் பயத்துக்கு ஒதுக்கியிருக்கிறீர்கள். எனக்குப் பயம் தந்தவை நீங்கள் போகிற போக்கில் எழுதிய இரண்டு விஷயங்கள். அதனால் நீங்கள் கேட்ட வரிசையில் பதில் சொல்லப்போவதில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அந்த மூலிகை டப்பா

மூட்டு வலி மூன்று நாளில் பறந்துவிடுகிற மூலிகை எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. அப்படிப் பறக்க வைக்கிற பொருள் ஒன்று உண்டு, ஸ்டீராய்டு. டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன் போன்ற மருந்துகளை லேபிளில் எழுதாமல் ‘பாரம்பரிய மூலிகை’ என்று விற்கும் மாத்திரைகளைப் பற்றி நம் சுகாதார அறிவியல் ஆணையம் திரும்பத் திரும்ப எச்சரித்துவருகிறது. மூட்டு வலி மாத்திரைகள் அந்தப் பட்டியலில் அடிக்கடி வருகிறவை. உங்கள் டப்பாவுக்குள் அதுதான் இருக்கிறது என்று இங்கே உட்கார்ந்துகொண்டு நான் சொல்ல முடியாது. ஆனால் உங்கள் கடிதத்தில் வெவ்வேறு பக்கத்தில் இருக்கும் இரண்டு கணக்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: மாத்திரை தொடங்கி ஐந்து மாதம், ரத்த அழுத்த மருந்தைக் கூட்டி இரண்டு மாதம். ஸ்டீராய்டு ரத்த அழுத்தத்தை ஏற்றும், சர்க்கரையை ஏற்றும், தூக்கத்தைக் கெடுக்கும், மனசை ஆட்டிவைக்கும், மாதவிடாயையும் குழப்பும், எலும்பை மெல்ல அரிக்கும். நீங்கள் மெனோபாஸ் (மாதவிடாய் நிற்கும் காலம்) என்று நினைத்துத் தாங்கிக்கொண்டிருப்பதில் ஒரு பங்கு அந்த டப்பாவிலிருந்து வருகிறதோ என்று எனக்குச் சந்தேகம்.

இதைப் படித்தவுடன் பயந்துபோய் இன்று இரவே நிறுத்திவிடாதீர்கள். ஸ்டீராய்டைச் சில வாரங்களுக்கு மேல் சாப்பிட்டால் உடம்பு தானாகச் சுரக்கும் கார்ட்டிசால் என்ற இயற்கை ஸ்டீராய்டைக் குறைத்துவிடும், சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், வாந்தி, எழுந்திருக்க முடியாத சோர்வு, ரத்த அழுத்தம் சரிவது என்று ஆபத்தில் கொண்டுபோய் விடும். நாளைக்கே டாக்டரைப் பாருங்கள், எப்படிக் குறைப்பது என்று அவர் சொல்வார். ஏற்கெனவே நிறுத்திவிட்டு இப்படி ஏதாவது வந்தால் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

ஒன்று சொல்ல வேண்டும், உங்கள் மூட்டு வலி கற்பனை இல்லை. மெனோபாஸ் என்றால் உடம்பு சூடேறுவதுதான் என்று மேற்கத்தியப் புத்தகங்களைப் படித்து வளர்ந்த எங்களைப் போன்ற டாக்டர்களுக்கே, சிங்கப்பூர்ப் பெண்களைக் கேட்டு நடத்திய ஆய்வில் மூட்டு, தசை வலிதான் முதலிடத்தில் வந்தது ஆச்சரியமாக இருந்தது. அதனால் வலியைச் சொல்லும்போது “வயசாகிவிட்டது டாக்டர்” என்று நீங்களே முன்னால் ஒரு முடிவுரையைச் சேர்த்துச் சொல்லாதீர்கள்.

‘கட்டி கட்டியாகப் போகிறது’

இதை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். எனக்கு இதுதான் முதல் வேலை.

45 வயதுக்கு மேல் மாதவிடாய் ஒழுங்கு தவறுவது சகஜம்தான். கருமுட்டை வெளிவராத மாதங்களில் இரண்டு முக்கியப் பெண் ஹார்மோன்களில் புரோஜெஸ்டிரோன் சுரக்காது, எஸ்ட்ரோஜன் மட்டும் கருப்பையின் உள்சவ்வைத் தடித்துக்கொண்டே போகச் செய்யும், பிறகு ஒருநாள் மொத்தமாகக் கொட்டும். பெரும்பாலும் கதை இவ்வளவுதான். ஆனால் சவ்வில் பாலிப் (சிறு சதை வளர்ச்சி), கருப்பையில் ஃபைப்ராய்டு (தசைக்கட்டி), சவ்வின் அளவுமீறிய வளர்ச்சி, எப்போதாவது கருப்பைப் புற்றுநோயின் ஆரம்பம் என்று வேறு காரணங்களும் இதே மாதிரிதான் காட்டிக்கொள்ளும். 48 வயதில் பத்துப் பன்னிரண்டு நாள் போனால் அல்ட்ராசவுண்ட் எடுத்துப் பார்ப்பதும், தேவைப்பட்டால் உள்சவ்வில் துளி எடுத்துச் சோதிப்பதும் வழக்கம். துளி எடுப்பதைப் பெரும்பாலும் கிளினிக்கிலேயே சில நிமிடத்தில் முடித்துவிடுவார்கள், வலி மாதவிடாய் வலி போல இருக்கும், சிலருக்கு அதைவிடக் கூடுதல். காரணம் தெரியாத ரத்தப்போக்கு இருக்கும்போது ஹார்மோன் சிகிச்சையைத் தொடங்கக் கூடாது. முதலில் பேட்ச் (தோலில் ஒட்டும் ஹார்மோன் பட்டை), அப்புறம் ஸ்கேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ரத்தச் சோகை இருக்கிறதா என்றும் பாருங்கள். இவ்வளவு போகிற பெண்ணுக்கு இரும்புச்சத்து குறைந்திருந்தால் சோர்வு, படபடப்பு, எரிச்சல் எல்லாம் அதனாலேயே வரும், அதற்கு ஹார்மோன் மருந்து இல்லை, இரும்பு மாத்திரைதான். ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் நனைந்து இரண்டு மூன்று மணி நேரம் அப்படியே தொடர்ந்தால் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள்.

இன்னொன்று, சிரிக்காதீர்கள். மாதவிடாய் இரண்டு மாதம் வரவில்லை என்றால் 48 வயதிலும் கர்ப்பச் சோதனை செய்துகொள்வது நல்லது. இந்தச் சிகிச்சை கருத்தடை ஆகாது. 50 வயதுக்குக் கீழே கடைசி மாதவிடாய்க்குப் பிறகு இரண்டு ஆண்டு, 50-க்கு மேலே ஓர் ஆண்டு கருத்தடை தேவை என்பதுதான் வழக்கமான கணக்கு. மூத்த பிள்ளை தேசிய சேவைக்குப் போன பிறகு கர்ப்பம் என்று தெரிந்து என் முன்னால் வந்து தலையில் கைவைத்து உட்கார்ந்தவர்கள் உண்டு.

480 வெள்ளி மிச்சம்

ஹார்மோன் சமநிலை தவறிவிட்டது, டெஸ்டில் தெரியும், குறைந்ததை ஊற்றி நிரப்பிவிடலாம், காரில் எண்ணெய் பார்க்கிற மாதிரி. நீங்கள் இப்படி நினைக்கிறீர்கள், தப்பில்லை, விளம்பரங்கள் அப்படித்தான் சொல்கின்றன. ஆனால் உங்கள் வயதில் எஸ்ட்ரோஜன் ஒரே சீராகக் குறைவதில்லை. இந்த வாரம் உச்சத்தில், அடுத்த வாரம் தரையில். கருமுட்டைப்பையைத் தூண்டும் எஃப்எஸ்எச் ஹார்மோனின் அளவும் அதற்கேற்ப ஏறி இறங்கும். திங்கட்கிழமை எடுத்த ரத்தம் ‘மெனோபாஸ்’ என்று சொல்லும், அடுத்த மாதம் அதே ரத்தம் ‘நார்மல்’ என்று சொல்லும், இரண்டுக்கும் நடுவில் நீங்கள் அதே வியர்வையில்தான் நனைந்துகொண்டிருப்பீர்கள். அதனால்தான் 45 வயதுக்கு மேல் அறிகுறிகளையும் மாதவிடாயின் போக்கையும் வைத்தே முடிவு செய்கிறோம். 40 வயதுக்குள் நின்றுபோனவர்களுக்கு ரத்தப் பரிசோதனை அவசியம், அது வேறு விஷயம். எச்சிலில் ஹார்மோன் பார்க்கிறேன் என்பவர்களிடம் பணம் கொடுக்கவே வேண்டாம்.

உங்களுக்குப் பயன்படுகிற பரிசோதனைகள் சாதாரணமானவை: ரத்த எண்ணிக்கை, இரும்பு இருப்பு, தைராய்டு, சர்க்கரை, கொழுப்பு. தைராய்டை ஏன் சொல்கிறேன் என்றால், அது கூடினால் வியர்வையும் படபடப்பும், குறைந்தால் சோர்வும் அதிக ரத்தப்போக்கும் என்று மெனோபாஸைப் போலவே வேஷம் போடும்.

அத்தையும் 2002-ஆம் ஆண்டும்

இப்போது அக்கா சொன்னதற்கு வருவோம். அவர் சும்மா சொல்லவில்லை. 2002 ஜூலையில் அமெரிக்காவில் ‘விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்’ என்ற மிகப் பெரிய ஆய்வின் ஒரு பகுதியைப் பாதியில் நிறுத்தினார்கள். 16,608 பெண்கள். ஒரு பாதிப்பேர் எஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டோஜனும் (புரோஜெஸ்டிரோன் வகை மருந்து) சேர்ந்த மாத்திரையைச் சாப்பிட்டார்கள், மறுபாதிப்பேர் வெறும் மாத்திரையை. மருந்து சாப்பிட்டவர்களில் மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் அதிகம் என்று செய்தி வந்தது. உலகம் முழுக்கப் பெண்கள் மாத்திரையைத் தூக்கிப் போட்டார்கள், டாக்டர்களும் எழுதிக்கொடுப்பதை நிறுத்தினார்கள். அந்த 26 சதவீதம்தான் இன்றைக்கும் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

அந்தச் சதவீதத்தைப் பிரித்தால், 10,000 பெண்களில் ஓர் ஆண்டில் மருந்து இல்லாமலே 30 பேருக்கு வந்தது, மருந்தோடு 38 பேருக்கு வந்தது. எட்டுப் பேர் அதிகம். பக்கவாதமும் ஏறக்குறைய அதே அளவு அதிகம். இடுப்பு எலும்பு முறிவும் பெருங்குடல் புற்றுநோயும் குறைவு. அந்தப் பெண்களின் சராசரி வயது 63, அதாவது பெரும்பாலோர் மாதவிடாய் நின்று பத்து ஆண்டுக்கும் மேலானவர்கள். மருந்தும் பழைய வகை, கர்ப்பமாக இருக்கும் குதிரையின் சிறுநீரிலிருந்து எடுத்த எஸ்ட்ரோஜன். (சைவக்காரர்கள் முகம் சுளிக்க வேண்டாம், இன்று நாங்கள் அதிகம் எழுதிக்கொடுக்கும் எஸ்ட்ராடியால் என்ற எஸ்ட்ரோஜனைத் தாவரத்திலிருந்து எடுத்துத் தயாரிக்கிறார்கள். ஆனால் புரோஜெஸ்டிரோன் கேப்சூலின் உறை ஜெலட்டின், அது உங்களுக்கு முக்கியமென்றால் கேட்டுக்கொள்ளுங்கள்.) கருப்பை அகற்றப்பட்டு எஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்த பெண்களுக்கு அதே ஆய்வில் மார்பகப் புற்றுநோய் கூடவில்லை.

அதற்காக ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். 2019-இல் வந்த பெரிய பன்னாட்டுத் தொகுப்பாய்வின் கணக்கு இது: 50 வயதிலிருந்து அடுத்த இருபது ஆண்டில், சிகிச்சையே எடுக்காத 1,000 பெண்களில் 63 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வரும். 50 வயதில் தொடங்கி ஐந்து ஆண்டு எஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தால் 68. மாதத்தில் சில நாள் மட்டும் புரோஜெஸ்டோஜன் சேர்த்தால் 77. இரண்டையும் தினமும் எடுத்தால் 83. இவை மேற்கத்திய நாட்டுப் பெண்களின் எண்கள், நம்மூருக்கு அப்படியே பொருத்த முடியாது, ஆனால் கூடுகிற அளவு எந்த ரகம் என்று புரியும். இந்த எண்ணைப் பார்த்துவிட்டு “இவ்வளவுதானா” என்பவர்களும் உண்டு, “ஒருவர் கூடினாலும் எனக்கு வேண்டாம்” என்பவர்களும் உண்டு. இருவரும் சரி. உங்கள் பக்கத்திலிருந்து எது தாங்கக்கூடியது என்பதை நான் முடிவு செய்ய முடியாது.

உங்கள் அத்தை விஷயம். அப்பா வழி உறவு கணக்கில் வராது என்று பலர் நினைக்கிறார்கள், தவறு. மார்பக, கருமுட்டைப்பைப் புற்றுநோய்க்கு வழிவிடும் பிஆர்சிஏ மரபணுக் கோளாறு அப்பா வழியாகவும் வரும். ஆனால் ஒரே ஓர் அத்தை, அதுவும் 62 வயதில் என்றால், அதை மட்டும் வைத்து உங்களுக்குச் சிகிச்சை கூடாது என்று சொல்லமாட்டோம். அக்காவிடம் சண்டை போடுவதற்குப் பதில் இதைக் கேளுங்கள்: குடும்பத்தில் வேறு யாருக்காவது மார்பகப் புற்றுநோயோ கருமுட்டைப்பைப் புற்றுநோயோ வந்ததா, 50 வயதுக்கு முன்பு வந்ததா, ஆண்களில் யாருக்காவது வந்ததா? ஆம் என்றால் மரபணு ஆலோசனைக்குப் பிறகுதான் அடுத்த பேச்சு.

மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுத்து எவ்வளவு நாள் ஆயிற்று என்று நீங்கள் எழுதவில்லை. எடுத்ததே இல்லையோ என்று படுகிறது. நம்மூரில் 40 முதல் 49 வயதுவரை டாக்டரோடு பேசி முடிவெடுத்தால் ஆண்டுக்கு ஒருமுறை, 50-க்குப் பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. புற்றுநோய்க்குப் பயந்து ஹார்மோன் வேண்டாம் என்பவர், புற்றுநோயைச் சீக்கிரமே கண்டுபிடிக்கும் படத்தை எடுக்காமல் இருப்பதை நான் தினமும் பார்க்கிறேன்.

இந்த இடத்தில் ஒரு செய்தி. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025 நவம்பரில், இந்த மருந்துகளின் அட்டைமேல் கறுப்புக் கட்டத்துக்குள் போட்டுவந்த எச்சரிக்கைகளில் பெரும்பகுதியை எடுக்கப்போவதாக அறிவித்தது. உடனே இது இளமை டானிக் என்று எதிர்ப்பக்கம் ஓடுகிறவர்களும் கிளம்பிவிட்டார்கள். இதயத்தைக் காப்பாற்ற, மறதியைத் தடுக்க, சருமம் பளபளக்க என்று இதை எழுதிக்கொடுக்கக் கூடாது என்பது என் கருத்து. தொல்லை இருக்கிறவருக்கு, 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று பத்து ஆண்டுக்குள் தொடங்கினால், பெரும்பாலோருக்குத் தீமையைவிட நன்மை அதிகம். நீங்கள் அந்த வட்டத்துக்குள் இருக்கிறீர்கள்.

உங்களுக்கு எது பொருந்தும்

ஸ்கேன் சரியாக இருந்து, மேமோகிராம் சரியாக இருந்து, ரத்த அழுத்தம் கட்டுக்குள் வந்த பிறகு என்று வைத்துக்கொள்வோம். ரத்த அழுத்தம் இருப்பதால் சிகிச்சை கூடாது என்று இல்லை, கட்டுக்குள் இல்லாமல் இருந்தால்தான் கூடாது. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், ரத்தக்கட்டு வந்தவர்கள், ஈரல் நோய் முற்றியிருப்பவர்கள், இவர்களுக்குத்தான் வேறு வழி பார்க்கிறோம்.

எஸ்ட்ரோஜனை நீங்கள் தோல் வழியாக எடுப்பது நல்லது, பேட்ச் அல்லது ஜெல். விழுங்கும் மாத்திரை ஈரல் வழியாகப் போவதால் ரத்தம் உறையும் வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டும், தோல் வழி வழக்கமான அளவில் அப்படிச் செய்வதாகத் தெரியவில்லை. பேட்சை வகையைப் பொறுத்து வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ தரம் மாற்ற வேண்டும், இடுப்புக்குக் கீழே ஒட்ட வேண்டும், நம் ஊர்ப் புழுக்கத்தில் சிலருக்கு ஓரம் பிரிந்துவிடும், சிலருக்கு அரிக்கும். ஜெல்லைத் தினமும் கையிலோ தொடையிலோ தடவிக் காயவிட வேண்டும், மார்பில் தடவக் கூடாது. காய்வதற்குள் பிள்ளைகள் அந்த இடத்தைத் தொடக் கூடாது. பாலர் பள்ளியில் நாள் முழுக்கக் கையைப் பிடித்துத் தொங்குகிற குட்டிகளோடு இருக்கிறீர்கள், அதனால் ஜெல் என்றால் ராத்திரி தொடையில் தடவுவது உங்களுக்கு வசதி.

கருப்பை இருப்பதால் எஸ்ட்ரோஜனை மட்டும் எடுக்கவே கூடாது. அது சவ்வைத் தடிக்க வைத்து அங்கே புற்றுநோய்க்கு வழிவிடும். புரோஜெஸ்டோஜன் கட்டாயம். அதை இரண்டு விதமாக எடுக்கலாம். ஒன்று, மாதத்தில் 12 முதல் 14 நாள் இரவில் புரோஜெஸ்டிரோன் கேப்சூல், அது கொஞ்சம் தூக்கத்தையும் தரும், மாதம் ஒருமுறை ரத்தம் வரும். இன்னொன்று கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம். உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து இதுதான் என் மனசில் ஓடுகிறது, ஏனென்றால் அது கொட்டுகிற ரத்தத்தைக் குறைக்கும், கருத்தடையும் ஆகும், ஜெல்லோடு சேர்ந்தால் சவ்வையும் காக்கும், ஒரே கல்லில் மூன்று மாங்காய். வைக்கும்போது வலிக்கும், முதல் சில மாதம் சொட்டுச் சொட்டாகப் போகும், இதை முன்னாலேயே சொல்லாமல் வைத்துவிட்டால் ஆறே வாரத்தில் எடுத்துவிடுங்கள் என்று வந்து நிற்பார்கள்.

சூடும் வியர்வையும் சில வாரங்களில் தணியத் தொடங்கும், மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்த்து அளவை மாற்றலாம். ஆய்வுகளில் சூடேறும் தடவைகள் சுமார் 75 சதவீதம் குறைந்தன. தூக்கம் திரும்பினால் கோபமும் பெரும்பாலும் தணியும். ஆனால் மனம் எப்போதும் இருண்டே கிடந்தால், வாழ்ந்து என்ன என்று தோன்றினால், அதை ஹார்மோன் கணக்கில் எழுதிவிடாதீர்கள், டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், நடுராத்திரி என்றால் எஸ்ஓஎஸ் உதவித் தொலைபேசி எண் 1767-ஐ அழையுங்கள்.

உடம்பு ஊதும் என்பதற்கு ஆய்வுகளில் ஆதாரம் இல்லை. இந்த வயதில் இடுப்பைச் சுற்றிச் சதை சேர்வது மருந்து எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் நடக்கிறது, பழி மருந்தின் தலையில் விழுகிறது. நிறுத்த முடியாமல் அடிமையாவதும் இல்லை. எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம், தொல்லை திரும்பி வரலாம், அவ்வளவுதான். ‘இரண்டு ஆண்டு பொறுத்தால் தானாகப் போய்விடும்’ என்று மாமியார் சொல்வதையும் திருத்த வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் ஆண்டுக்கணக்கில் பெண்களைத் தொடர்ந்த ஓர் ஆய்வில் பாதிப்பேருக்கு இந்தச் சூடு 7.4 ஆண்டுக்கு மேல் நீடித்தது. மாதவிடாய் முழுக்க நிற்பதற்கு முன்பே தொடங்கியவர்களுக்கு இன்னும் நீளம்.

ஹார்மோனே வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் கைவிட்டுவிட மாட்டார்கள். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில மருந்துகள் குறைந்த அளவில் சூட்டைத் தணிக்கும், அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்ற பேச்சுவழிச் சிகிச்சைக்கும் பலன் உண்டு. சோயா, மூலிகைத் தேநீர் எல்லாம் சிலருக்குக் கொஞ்சம், பலருக்கு ஒன்றுமில்லை. உளுந்தங்களி சாப்பிடுங்கள், நல்லது, சூடு அதில் நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

கடைசி வரிக்கு வருகிறேன். வலிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் எஸ்ட்ரோஜன் குறைந்து அங்கே சவ்வு மெலிந்து வறண்டுபோவதுதான், உங்கள் அன்பு வறண்டுபோனதால் இல்லை. அதற்கென்றே உள்ளே வைக்கும் எஸ்ட்ரோஜன் மாத்திரையும் கிரீமும் உண்டு, அதில் ரத்தத்தில் கலக்கும் அளவு மிகக் குறைவு, புரோஜெஸ்டோஜன்கூடச் சேர்க்க வேண்டாம். வெறும் ஈரப்பசை தரும் ஜெல் மருந்துச் சீட்டு இல்லாமலே கார்டியன், வாட்சன்ஸ் போன்ற மருந்துக் கடைகளில் கிடைக்கும், அதை இந்த வாரமே வாங்கலாம். இதைச் சின்ன எழுத்தில் எழுதியதுபோலவே டாக்டரிடமும் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சொல்லாதீர்கள், உட்கார்ந்திருக்கும்போதே சொல்லுங்கள்.

வீட்டிலும் வேலையிலும்

கணவர் கையெழுத்து வேண்டாம். இது உங்கள் உடம்பு, முடிவும் உங்களுடையது, நீங்கள் சொல்லாமல் டாக்டரும் அவரிடம் சொல்ல மாட்டார். இருந்தாலும் ஒருமுறை அவரைக் கூடவே கூட்டிக்கொண்டு போகலாம். இயற்கையை விடு என்று சொல்கிறவர் ரத்த அழுத்த மாத்திரையையும் மூக்குக் கண்ணாடியையும் எந்தக் கணக்கில் வைத்திருக்கிறார் என்று நான் கேட்க மாட்டேன், ஆனால் பல கணவர்கள் எதிர்ப்பாகச் சொல்வது பயத்தினால்தான், டாக்டர் வாயால் எண்களைக் கேட்டதும் முகம் மாறிவிடும். மகளிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஒரே வீவக அடுக்குமாடி வீட்டில் ஒருத்திக்கு ஹார்மோன் ஏறுகிறது, ஒருத்திக்கு இறங்குகிறது, இரண்டு பேருக்கும் ஒரே குளியலறை.

வேலையிடத்தில் உங்கள் நோய்க் கதையைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் நீக்குப்போக்கான வேலை ஏற்பாடு கேட்பதற்கான முத்தரப்பு வழிகாட்டி 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது, தகுதிகாண் காலம் முடித்தவர் எழுத்தில் கேட்டால் முதலாளி இரண்டு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். ஒத்துக்கொண்டே ஆக வேண்டும் என்று அது சொல்லவில்லை, மறுத்தால் வேலை சார்ந்த காரணம் சொல்ல வேண்டும் என்கிறது. காலை ஷிஃப்ட் ஒரு மணி நேரம் தள்ளி, சீருடைக்குப் பதில் பருத்திச் சட்டை, இவ்வளவுதான் கேட்கப்போகிறீர்கள், தலைமையாசிரியையிடம் நேராகப் பேசினாலே நடந்துவிடலாம்.

பாலிகிளினிக் வழியாகவே போங்கள். அங்கிருந்து கேகே மருத்துவமனை போன்ற அரசாங்க மருத்துவமனையின் பெண்கள் பிரிவுக்குச் சீட்டு வாங்கினால் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மானியக் கட்டணம், நேராகத் தனியார் நிபுணரிடம் போனால் பல மடங்கு. ஜெல்லோ பேட்சோ மானியத்தில் வருமா, மெடிசேவிலிருந்து (மருத்துவச் செலவுக்கான கட்டாயச் சேமிப்பு) எதைக் கழிக்கலாம் என்று மருந்து எழுதும்போதே கேட்டுவிடுங்கள், கவுண்டரில் போய் அதிர்ச்சியடைய வேண்டாம். காத்திருக்கும் வாரங்களில் ஒரு நோட்டில் எழுதிவாருங்கள்: எந்தத் தேதியில் ரத்தம் வந்தது, எத்தனை பேட், ராத்திரி எத்தனை முறை எழுந்தீர்கள், காலையில் ரத்த அழுத்தம் எவ்வளவு. “நிறையப் போகுது டாக்டர்” என்பதைவிட அந்தப் பக்கம் பத்து மடங்கு பேசும்.

நாளைக்குப் போகும்போது அந்த மூலிகை டப்பாவையும் மிச்சமிருக்கும் மாத்திரைகளோடு அப்படியே பையில் போட்டு எடுத்துப் போங்கள். தோழியிடமும் சொல்லிவிடுங்கள், அவரும் அதையே சாப்பிட்டுக்கொண்டிருக்கக்கூடும்.